அடுப்பின் அளவும் கரியின் செலவும்

2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடையாதிருந்த மாதங்களிலே, மூலையிற் கிடந்த மண் அடுப்புகள் பல வீடுகளில் மீண்டும் குசினிக்கு வந்தன. விறகின் புகையை விரும்பாதோர் சிரட்டைக்கரியை நாடினர். அவசரத்தில் அடுப்பு வாங்குபவர் கையிற் கிடைத்ததை வாங்குவரேயன்றி, அது தம் பானைக்கு ஏற்ற அளவினதா என்று பார்ப்பது அரிது. கரியோ இலேசான பொருளன்று. சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கும்போது அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சுகின்றது. ஆகவே ஒரு கிலோகிராம் கரி வீணாகும்போது மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட சிரட்டை வீணாகின்றது என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இங்கே கூறப்படுவன கரி எரிக்கும் மண் அடுப்புகளுக்கே பொருந்தும். விறகுக்கென அமைந்த இருவாய் அனகி அடுப்பின் முறை வேறு.

கரியின் வெப்பம் எங்கே செல்கின்றது? நன்கு உலர்ந்த கரி ஒரு கிலோகிராம் எரியும்போது ஏறத்தாழ 7,000 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். ஒரு லீற்றர் கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 73 கிலோகலோரி போதும். இது வெறும் 10 கிராம் கரியில் அடங்கிய வெப்பமாகும். அவ்வாறாயின் ஒரு கேத்தல் நீர் கொதிப்பதற்குக் கை நிறையக் கரி தேவைப்படுவது ஏன்? பானைக்குச் சேரும் முன்னரே வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றும் அடுப்பின் சுவரும் பறித்துக்கொள்கின்றன. மூன்றில் ஒரு பங்கு பானைக்குச் சேருமாயின் அதனை நல்ல அடுப்பு எனலாம்.

சுவர் கொள்ளும் பங்கைக் கணக்கிடுதல் கடினமன்று. சுட்ட மண்ணைச் சூடாக்குவதற்கு, அதே எடையுள்ள நீருக்கு வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். சுவர் சராசரியாக 250 பாகை செல்சியசு சூடேறுவதாகக் கொள்வோம். 6 கிலோகிராம் அடுப்பொன்று 300 கிலோகலோரியை உட்கொள்ளும். இது 43 கிராம் கரிக்குச் சமம். 20 கிலோகிராம் எடையுள்ள தடித்த அடுப்பு 1,000 கிலோகலோரியை, அதாவது 143 கிராம் கரியின் வெப்பத்தை உட்கொள்ளும். காலையில் ஒருமுறை தேநீருக்காக அந்தப் பெரிய அடுப்பை மூட்டுபவர், தேநீரைவிட அடுப்பையே அதிகம் சூடாக்குகின்றார்.

அகலத்தையும் கவனித்தல் வேண்டும். கரி கிடக்கும் துளைத்தட்டு 20 சென்ரிமீற்றர் விட்டமுடையதாயின் அதன் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். விட்டத்தை 30 ஆக்கினால் பரப்பு 707 ஆகின்றது. அகலம் ஒன்றரை மடங்கே கூடியது; கரி பரப்ப வேண்டிய இடமோ இரண்டேகால் மடங்காயிற்று. பானை சிறிதாயிருப்பின் அதன் விளிம்புக்கு வெளியே எரியும் கரி முகட்டை நோக்கி எரிவதன்றி வேறு பயன் தராது. அறுவடை நாட்களில் வேலையாட்களுக்குச் சமைத்த பெரிய அடுப்பிலேயே, மற்றைய நாட்களில் நான்கு பேருக்கு உலை வைக்கும் வழக்கம் இதனாலேயே கைவிடற்பாலது. பானையின் அடி துளைத்தட்டைச் சற்று மிஞ்சியிருப்பதே முறை. குமிழ்கள் மிக உயர்ந்திருப்பினும் வெப்பம் பக்கவாட்டில் தப்பிவிடும்.

இதனாற் பெரிய அடுப்பு எப்போதும் நட்டமானது என்று எண்ணிவிடலாகாது. வாரச் சந்தையில் சோளப்பொத்தி வாட்டி விற்கும் தோட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னேரம் முழுவதும் நெருப்பு வேண்டும், கம்பித்தட்டும் வெறுமையாயிராது. ஒருமுறை சூடேறிய தடித்த சுவர் வெப்பத்தை மெல்லவே வெளிவிடுவதால், இடையிற் சிறிது கரி சேர்த்தாற் போதும். இரண்டேகால் மடங்கு பரப்பில் இரண்டேகால் மடங்கு பொத்தி வாட்டப்படுமாயின், பொத்தி ஒன்றுக்கு ஆகும் கரி கூடுவதில்லை. யப்பானியரின் கமாடோ அடுப்பின் வழிவந்து, இன்று மேல்நாடுகளில் இறைச்சி வாட்டப் பயன்படும் முட்டை வடிவான மூடியுள்ள பீங்கான் அடுப்புகளுக்கும் இதே கணக்குத்தான். பாதித்தட்டு வெறுமையாய்க் கிடக்கும்போதே பெரிய அடுப்பு கரியைத் தின்னுகின்றது.

பெரிய அடுப்பு ஒன்றே உள்ள வீட்டார் புதிதாக வாங்காமலே அதனை ஒடுக்கிக்கொள்ளலாம். பானைக்கு வேண்டிய அகலத்தைத் துளைத்தட்டின் நடுவில் விட்டு, மீதித் துளைகளை உடைந்த ஓட்டுத்துண்டுகளால் மூடவும். அவ்வெல்லையிலே களிமண் வளையமொன்றை வைத்து, வளையத்துக்கும் சுவருக்கும் இடையே உமிச்சாம்பலை நிரப்பவும். உமிச்சாம்பல் வெப்பத்தை இலகுவிற் கடத்தாது. நெற்செய்கையாளருக்கு விலையின்றிக் கிடைப்பது. எரியாத உமியை இடலாகாது, அது புகைந்து தீப்பற்றும்.

கரி எரியும் வேகத்தை நிருணயிப்பது காற்று. அடுப்பு சூடேறும்வரை கீழுள்ள காற்றுவாயைத் திறந்திருக்கவிட்டு, உலை கொதித்ததும் பாதிக்கு மேல் அடைத்துவிடவும். கொதிக்கும் நீர் மேலும் சூடேறாது, ஆவியாகவே போகும். ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு 540 கிலோகலோரி, அதாவது அதனைக் கொதிக்கவைக்க வேண்டியதன் ஏழு மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் செலவாகும். மூடியின்றித் தளதளவென்று கொதிக்கவிடும் சோற்றுப்பானையே பல வீடுகளில் கரியின் முதற் பகைவன்.

சமையல் முடிந்ததும் மிஞ்சிய தணலை நீர் தெளித்து அணைப்பது தவறு. கரி நனைவதோடு அடுப்பும் வெடிக்கும். இடுக்கியால் எடுத்து, இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு மூடினால் காற்றின்றி அணைந்துவிடும். மறுநாள் அதுவே விரைவிற் பற்றும்.

தம் அடுப்பின் செலவை அறிய விரும்புவோர் அடுப்பில் இடும் கரியை நிறுத்து, இவ்வாறு அணைந்த மீதியையும் நிறுத்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கவும். ஒரே சமையலை இருவகை அடுப்பிலும் மும்மூன்று நாள் செய்து பார்த்தால் எது தகுந்ததென்பது தானே விளங்கும்.

காற்றுவாயை அடைப்பது பற்றிக் கூறியதனால் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. காற்றுக் குறைவாக எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு எழும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகை இல்லையே என்று ஏமாறலாகாது. தலையிடியும் மயக்கமும் முதற் குறிகள். உறங்குபவர் அவற்றையும் உணராமலே இறக்கக்கூடும். மழைக்காலத்தில் அறையைச் சூடாக்கவோ, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடுதரவோ, கரி அடுப்பை மூடிய அறையில் ஒருபோதும் வைக்கலாகாது. சமைக்கும் இடத்தில் கதவும் சன்னலும் திறந்திருத்தல் வேண்டும். தணல் இட்ட பேணியும் முற்றாக ஆறும்வரை வீட்டுக்கு வெளியே, வைக்கோலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.