எல்லை கடந்த இழை

அன்புள்ள பேத்திக்கு,

உன் வடிவமைப்புக் கல்லூரியில், அயல்நாட்டு ஆடை நிறுவனங்களோடு கூட்டாகச் செய்யும் திட்டமொன்றில் சேரலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். தாராளமாகச் சேரலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால், எத்தகைய கூட்டுறவு நமக்கு உகந்தது என்று நிர்ணயிக்குமுன், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் நம் ஊரான ஆரணியின் பட்டு நெசவுத் தொழில் தேசாந்தரங்களின் அறிவை எவ்விதம் ஏற்று வளர்ந்தது என்பதை நீ அறிந்திருக்க வேண்டும்.

நம் வீட்டுத் தறியின்மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பால்ய வயது முதல் பார்த்திருக்கிறாய். பிரான்சு தேசத்து லியோன் நகரில், பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர், தமக்கு முன்னோர் செய்துவைத்த முயற்சிகளை ஒருங்கிணைத்து, 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய சாதனம் அது. அதில் கோக்கப்பட்டிருக்கும் அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழைய, அதற்குரிய கொக்கி ஏறிப் பாவு இழையைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட, இழை அசையாமல் கிடக்கிறது. நாடா ஒருமுறை குறுக்கே ஓடியதும் அடுத்த அட்டை வந்து நிற்கிறது. கட்டம் போட்ட காகிதத்தில் நாம் வரைந்த அன்னமும் மாங்காயும் கரையில் இறங்குவது இவ்வாறுதான். ஒரே ஒரு துளை இடம் மாறிவிட்டாலும், அன்னத்தின் அலகில் விழுந்த அந்தப் பிழை, அட்டைக் கோவை சுற்றிவரும்போதெல்லாம் சேலை நெடுகத் தோன்றிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுக்காரரின் பெட்டியில் நம்மவரின் அன்னம் ஏறியதால் அன்னம் அந்நியமாகிவிடவில்லை.

இதனினும் நீ ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஜப்பானியரோடு நேர்ந்த கூட்டுறவு. பாவுக்குச் சீரான, அறுபடாத, வலுவான இழை இன்றியமையாதது. ஊடைக்கு ஓரளவு மேடுபள்ளம் இருந்தாலும் பொறுக்கும், பாவு பொறுக்காது. தென்னாட்டில் வழிவழியாக வளர்ந்த பட்டுப்புழு இனங்களோ வெப்பத்தைத் தாங்குமெனினும், அவற்றின் கூட்டில் கிடைக்கும் நூல் குறுகியது. நல்ல கூடு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளும் வெண்ணிழை தரும் குளிர்நாட்டு இனங்களோ நம் கோடையில் நோயுற்று மடிந்தன. ஆகவேதான் சீனப் பட்டு நூலை எதிர்பார்த்திருக்கும் நிலை நம் நாட்டில் ஏற்பட்டது. இந்தச் சிக்கலை அவிழ்க்க, ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு முகமையும் இந்தியாவின் மத்தியப் பட்டு வாரியமும் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி, கட்டம் கட்டமாக 2007 வரை நீடித்தது. மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய நிபுணரும் நம் விஞ்ஞானிகளும் ஒருங்கே உழைத்து, சி.எஸ்.ஆர். என்ற வரிசையில் புதிய இனங்களை உருவாக்கியதோடு, புழு வளர்ப்பு மனையைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்வது, மல்பெரி இலையைக் கிள்ளிப் போடாமல் தண்டோடு வெட்டி உணவிடுவது முதலிய முறைகளையும் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய பிரதேசங்களின் விவசாயிகளுக்குக் கற்பித்தார்கள். தங்கள் சரக்கை நம்மிடம் விற்றுப்போக வந்தவர்களாக இல்லாமல், பல ஆண்டுகள் தங்கி, தாங்கள் புறப்பட்ட பின்னும் நம்மவரே நடத்தும்படியான வித்தையை விட்டுச்சென்ற காரணத்தால், இதை உத்தமமான கூட்டுறவு என்று நான் துணிந்து சொல்வேன்.

இதனால் கண்காட்சிகளுக்காகச் செய்யும் கூட்டுறவுகளை நான் இகழ்கிறேன் என்று எண்ணாதே. 1985-இல் நியூயார்க்கின் கூப்பர்-ஹியூவிட் அருங்காட்சியகத்தில், ராஜீவ் சேத்தி முன்னின்று நடத்திய 'கோல்டன் ஐ' கண்காட்சிக்காக, எட்டோரே சோட்சாஸ், ஃப்ரை ஓட்டோ, மேரி மெக்ஃபாடன் முதலிய மேனாட்டுப் பிரசித்தர்கள் இந்தியக் கைவினைஞரோடு சேர்ந்து பல அழகிய பொருள்களைச் செய்தார்கள். ஆயினும் கண்காட்சிக்கு ஆயுள் சில மாதங்களே. நெசவாளனுக்கு மறு வருஷமும் பாவு பிணைக்க வேண்டியிருக்கிறது.

பெயர் விஷயத்திலும் நீ விழிப்பாக இருக்க வேண்டும். 2025 ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் காட்டிய காலணிகள், 2019-லேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்ட கோலாப்பூர்ச் செருப்பின் சாயலிலே இருந்தும், அதன் பூர்விகம் அங்கே குறிப்பிடப்படவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், அக்குறியீட்டுக்குரிய 1999-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது பெயரையும் அதன் உபயோகத்தையுமே. நீ கட்டத்தாளில் புதிதாக வரையும் புட்டாவை அது காக்காது. அதற்கு வடிவமைப்புப் பதிவுக்கான வேறு சட்டம் இருக்கிறது. வடிவம் வெளியே பகிரங்கமாகுமுன் விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஆதலால், அந்த நிறுவனம் அனுப்பும் ஒப்பந்தத்தில், ஆரணியின் பெயர் சேலையின் சீட்டில் இடம்பெறுமா, வடிவம் யாருக்கு உரிமையாகும், முதல் தவணைக்குப் பின்னும் நம் தறிகளுக்கு வேலை வருமா என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பார். கையெழுத்திடுமுன் அதன் நகலொன்றை எனக்கு அனுப்பு. நம் கூட்டுறவுச் சங்கத்தாரோடு உட்கார்ந்து படித்து, இரண்டொரு நாளில் பதில் எழுதுகிறேன்.

உன் அன்புள்ள தாத்தா,
ஆரணி.