ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியும் இரவு நேர இன்ஹேலரும்

மயிலாடியின் சிற்பக்கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உளி பிடித்த ஒருவர், சென்ற மழைக்காலத்தில் கடும் மூச்சுத்திணறலோடு எமது நெஞ்சக நோய்ப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அவரை இன்னாரென்று அறிய முடியாதபடி சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். கல்தூசும் பழைய பீடிப் பழக்கமும் சேர்ந்து அவருடைய மூச்சுக்குழல்களைச் சுருக்கியிருந்தன. காலையும் இரவும் தவறாமல் இன்ஹேலர் எடுத்தால் ஓரளவு நலமாக இருக்க வேண்டியவர். ஏன் இந்த நிலை என்று கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை. மனைவிதான் தயங்கியபடி சொன்னார்: இரவு மருந்தை விட்டு இரண்டு மாதங்களாகின்றன, அதனால் மிஞ்சும் பணத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு பேரப்பிள்ளைகளை நாகர்கோவிலுக்கு அழைத்துச் சென்று பிரியாணி வாங்கிக் கொடுக்கிறார்.

கேட்டவுடன் எங்களுக்குச் சினமே வந்தது. பிறகு அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். மருந்தின் பெயர் இருந்தது, அளவு இருந்தது, மறுமுறை வரவேண்டிய நாள் இருந்தது. இம்மருந்தை வாங்கப் பணம் இருக்கிறதா என்று நாங்கள் ஒருமுறையும் கேட்டதாகத் தெரியவில்லை. வேலைக்குப் போக இயலாத ஒரு மனிதர், வீட்டில் வாங்கிக் கொடுப்பவர் என்னும் தம் இடத்தை விட்டுவிட மனமில்லாமல், தம் மூச்சிலிருந்து அதற்கு விலை கொடுத்திருக்கிறார்.

நீண்டகால நோய் ஒரு வீட்டுக்குள் வரும்போது வரவு சுருங்குகிறது, செலவு பெருகுகிறது. அப்போது சிலர் இவரைப் போல மருந்தில் கைவைக்கிறார்கள். வேறு சிலர் மருந்தைக் காப்பாற்றிக்கொண்டு, மனத்துக்கு இதம் தரும் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். இவை இரண்டுமே உடலைக் கெடுக்கின்றன.

மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள வீக்கத்தை அடக்கும் மருந்து, நிறுத்திய மறுநாளே தன் குறையைக் காட்டாது. ஒரு வாரம், சிலருக்கு ஒரு மாதம்கூட, ஒன்றும் நேராதது போலவே இருக்கும். இடையில் வீக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு சாதாரணச் சளியே மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். ஒரு வார உள்நோயாளிச் செலவு, பல மாத இன்ஹேலர் செலவை விழுங்கிவிடும். எனவே பணம் போதவில்லை என்றால் அளவைக் குறைக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். அதே மருந்து மாத்திரைக்குப்பி வடிவில், அதாவது பொடியாக உறிஞ்சும் வடிவில், பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டால் மருந்துகளை இலவசமாகப் பெற வழியுண்டு. இதைச் சொல்லத் தனியார் மருத்துவர் தயங்குவார் என்று சிலர் நினைக்கிறார்கள். நாங்கள் தயங்குவதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பிரியாணியை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், அவர் வேறொரு மருந்தில் கைவைத்திருப்பார். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தாள அளவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். நவதாளச் சிலையின் உயரம் ஒன்பது முகம். சொல்லும்போதே விரலால் கட்டில் விரிப்பில் கோடு போட்டுக் காட்டினார். இப்போது அவர் வீட்டுத் திண்ணையில், கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில், பிள்ளைகள் பென்சிலால் அந்தக் கோடுகளைப் போட்டுப் பழகுகிறார்கள். எங்கள் நிபந்தனை ஒன்றே: கல்லும் உளியும் கிரைண்டரும் அருகில் வரக்கூடாது. உருவம் செய்து பார்க்க ஆசையென்றால் ஈரக் களிமண் போதும். கருங்கல்லின் நுண்தூசி நுரையீரலில் ஏற்படுத்தும் தழும்பு மறைவதில்லை. அடுத்த தலைமுறைக்கு அது வேண்டாம்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலுக்கும் ஒருநாள் அழைத்துப் போயிருக்கிறார். ஒரே கருங்கல்லில் குடைந்த இசைத்தூண்களைப் பலர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு கல்தச்சர் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் உளி எப்படிப் போயிருக்கும் என்று சொல்லக் கேட்பது வேறு. அந்த ஒரு நாளுக்கான செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. மனைவிக்கு அதுவும் இல்லை. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

நடைப்பயிற்சியையும் தண்டனையாக எண்ண வேண்டியதில்லை. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அங்கு வலசைப் பறவைகள் வந்து தங்கும். குளக்கரையில் இருபது நிமிடம் நடந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எத்தனை வகைப் பறவை என்று எண்ணிவிட்டுத் திரும்பலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; அதுவே சரியான வேகம். மூச்சு நோயாளிகள் பனி விழும் அதிகாலையைத் தவிர்த்து, வெயில் ஏறிய பின்போ மாலையிலோ போகட்டும். நெஞ்சுவலி வந்தாலோ உதடு நீலம் பூத்தாலோ உடனே நின்று, மருத்துவ உதவியை நாடுங்கள். உட்காரும் நேரத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் கவிமணியின் பாட்டு ஒன்றை உரக்கச் சொல்லலாம். 1876இல் அவர் பிறந்த ஊர் அந்தத் தேரூர்தான். அடிதோறும் மூச்சை அளந்து விடுவது நல்ல பயிற்சி. இங்கிலாந்தில் நுரையீரல் நோயாளிகளுக்கென்றே பாட்டுக்குழுக்கள் நடத்துகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் புறநோயாளிப் பிரிவில் மிகுதியாகக் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் மலிவான விருந்துக்குக் குறைவில்லை. சாளை மீன் விலை குறைவானது, இதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறைந்தது. வறுப்பதைவிடக் குழம்பாக வையுங்கள். மரச்சீனிக் கிழங்கைத் தோல் நீக்கி நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அதிலுள்ள நச்சுப்பொருள் அப்போதுதான் குறையும். சர்க்கரை நோயாளி கிழங்கின் அளவைக் குறைத்து மீனின் அளவைக் கூட்டிக்கொள்ளட்டும். பழங்கஞ்சியும் காணத்துவையலும் பெரும்பாலோருக்கு ஆகும். கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்பது தவறு. அக்கானியும் அப்படித்தான், அது இனிக்கும் நீர், இனிப்பு எங்கிருந்து வந்தாலும் இரத்தத்துக்கு ஒன்றே. சிறுநீரக நோயாளிகள் இளநீர், வாழைப்பழம், கிழங்கு ஆகியவற்றை எங்களைக் கேட்ட பிறகே உண்ண வேண்டும். இரத்த அழுத்தமும் இதயத் தளர்ச்சியும் உள்ளவர்களுக்குக் கருவாடு வேண்டாம். இதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்த்துச் சிலர் வருந்துவதுண்டு, எங்களுக்கும் வருத்தம்தான்.

நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கும் ஒரு சொல். அந்தச் சிற்பியின் மனைவி, ஓராண்டாக மருந்துக் கடைக்கும் மருத்துவமனைக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை என்றார். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், வேறொருவர் வீட்டில் இருக்க, அவர் வெளியே போய்வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். சீட்டில் எழுதினால்தான் வீட்டார் விடுவார்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். இப்போது தங்கை வீட்டுக்குப் போய்க் கடுங்காப்பி குடித்துப் பேசிவிட்டு வருகிறாராம்.

பிரியாணி முற்றிலும் நின்றுவிடவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு உண்டு. அதற்கான பணம் தனி டப்பாவில் சேர்கிறது, இன்ஹேலர் பணம் இன்னொரு டப்பாவில். அடுத்த முறை நீங்கள் வரும்போது, உங்கள் மாத மருந்துச் செலவையும், பணத்துக்காக விட்டுவிட்ட மருந்து ஏதேனும் இருந்தால் அதையும், ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே எடுத்து நீட்டுங்கள்.