பவளம் கட்டிய நாடு

விமானம் தாழத் தொடங்கும்போது மாலத்தீவு நிலமாகத் தெரிவதில்லை. கருநீலக் கடலின் நடுவே வெளிர்நீல வளையங்கள் தோன்றுகின்றன; அவற்றின் விளிம்பில் சிதறிக் கிடக்கும் பசும்பொட்டுகளே ஊர்கள். இலட்சத்தீவுகளுக்குத் தெற்கே தொடங்கி நிலநடுக்கோட்டையும் கடந்து செல்லும் இந்நாட்டில் 1,192 தீவுகள் உள்ளன. மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 200. எல்லாத் தீவுகளையும் ஒன்றுசேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டவில்லை.

வளையமாய் அமைந்த பவளத்தீவுக் கூட்டத்தை உலகம் 'அட்டோல்' என்கிறது. அச்சொல் மாலத்தீவின் திவேகி மொழி தந்தது. எரிமலையைச் சுற்றிப் பவளப்பாறை வளர்ந்தது. எரிமலை மெல்ல அமிழ்ந்தது. பவளம் மட்டும் ஒளியை நாடி மேல்நோக்கி வளர்ந்தமையால் வளையம் எஞ்சியது. இவ்வாறு 1842இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். பிற்கால ஆய்வுகள் இவ்விளக்கத்தில் திருத்தங்கள் செய்துள்ளன எனினும், நிலத்தை ஆக்கியது உயிர் என்பதில் ஐயமில்லை. கரையின் வெண்மணல் மலையிலிருந்து ஆறு கொணர்ந்ததன்று. இந்நாட்டில் ஆறே இல்லை. பாறையைக் கொறித்து மேயும் கிளிமீன்கள் அரைத்து வெளியேற்றும் சுண்ணாம்புத் துகளுக்கு அம்மணலில் பெரும்பங்கு உண்டு. மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல், மழைநீர் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. தீவின் கிணறுகளில் ஊறும் நன்னீர் அதுவே.

இத்தீவுகள் தமிழர்க்குப் புதியன அல்ல. இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பர் வரலாற்றாசிரியர். முற்காலத்தில் வங்கத்தில் நாணயமாக வழங்கிய சோழிகள் இக்கடலில் எடுக்கப்பட்டவை. நம் தென்கடற்கரையில் 'மாசி' என விற்கப்படும் சூரைக் கருவாட்டின் பெயரில், மீனைக் குறிக்கும் 'மஸ்' என்னும் திவேகிச் சொல் ஒலிக்கிறது. இன்றும் அங்குச் சூரை மீன் வலையால் அன்றித் தூண்டிலாலேயே பிடிக்கப்படுகிறது.

சுற்றுலா 1972இல் தொடங்கியது. முதல் விடுதியின் பெயர் 'குரும்பா'. திவேகியில் அது இளந்தேங்காயைக் குறிக்கும். நம் 'குரும்பை' உடனே நினைவுக்கு வரும். ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது நெடுங்கால வழக்கம். அவ்விடுதிகளில் தங்குவோர் கடலைக் காண்பர். மாலத்தீவு மக்களைக் காண்பது அரிது. மாஃபுஷி போன்ற குடியிருப்புத் தீவுகளிலும் இப்போது விருந்தினர் இல்லங்கள் உள்ளன. அங்கே மாலைவேளையில் துறைமுக மரநிழலில், 'ஜோலி' என்னும் கயிறு பின்னிய இருக்கைகளில் ஊரார் அமர்ந்து உரையாடுவதைக் காணலாம். அந்நாட்டை அறிய விரும்புவோர்க்கு இதுவே ஏற்ற இடம்.

கட்டடம் எழுப்பவும் கடலைத் தூர்க்கவும் தலைநகர் மாலேயைச் சூழ்ந்த பவளப்பாறை வெட்டியெடுக்கப்பட்டது. 1987இல் பேரலைகள் நகருக்குள் புகுந்தபோதுதான் இழந்தது இயற்கை அரண் என்பது புரிந்தது. பின்னர் ஜப்பானின் உதவியுடன் கற்காரையாலான அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்டது. எல்லாத் தீவுகளுக்கும் அவ்வாறு சுவர் எழுப்புதல் இயலுமா?

அடுத்த இடர் வெப்பம். பவள உயிரி தன்னுள் வாழும் நுண்பாசியால் உணவும் நிறமும் பெறுகிறது. கடல்நீர் அளவுமீறிச் சூடானால் அப்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. வெப்பம் நீடித்தால் மடிகிறது. 1998இல் ஆழமற்ற பகுதிகளில் பவளங்களின் பெரும்பகுதி இவ்வாறு மடிந்தது. மீண்டு வந்தவை 2016இல் மறுபடியும் வெளுத்தன. பவளம் மடிந்தால் கிளிமீன் குறையும். மணல் வரத்தும் குறையும். அலையின் வேகத்தைத் தணிக்கப் பாறை இராது. பயணியர் விரும்பி வரும் கரையும், மீனவர் குடியிருக்கும் மனையும் ஒருசேரத் தேயும்.

அதனால்தான் உதிர்ந்து கிடக்கும் பவளத்துண்டைக்கூட நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல அங்குச் சட்டம் தடைவிதிக்கிறது. சில விடுதிகளில் முறிந்த பவளக்கிளைகளை இரும்புச் சட்டங்களில் கட்டி, ஆழமற்ற நீரில் மீண்டும் வளர்க்கின்றனர். விரும்பும் பயணியர் அப்பணியில் தாமும் கைகொடுக்கின்றனர்.