மரத்தரை ஏன் உப்பியது?

எங்க மாமா தச்சு வேலை செய்பவர். போன ஐப்பசியில் ஒரு புது வீட்டில் மரப்பலகைத் தரை போட்டார். கார்த்திகையிலேயே நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிடுச்சு! அத்தனையும் பிரித்து, கூலி வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தார்.

புதுக் கான்கிரீட் தரை மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதை மரம் உறிஞ்சும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில்தான் உப்பும். சுவரில் முட்டினால் எங்கே போகும்? மேலே எழும்பும்.

பிரித்த பிறகு மாமா ஒரு பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டினார். மறுநாள் உரித்தால் அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர்! தரையிலிருந்து வந்த நீராவி வெளியேற முடியாமல் தாளில் படிந்திருக்கு. நாம் படித்த ஆவி சுருங்குதல்தான்.

வீட்டுக்காரர் முணுமுணுத்தார். மாமா அசையவில்லை. தை மாதம் தாள் காய்ந்தே வந்தது. அப்புறம்தான் ரசமட்டம் வைத்து மேடு பள்ளம் சரிசெய்தார். பலகைகள் அந்த அறைக் காற்றுக்குப் பழகணும் என்று, இடைவெளி விட்டு அடுக்கி ஒரு வாரம் அங்கேயே வைத்திருந்தார்.

இந்தத் தடவை சுவரோரம் சுற்றிலும் 10 மி.மீ. இடம் விட்டார். அந்த இடத்தில் செருகிய கட்டைத் துண்டுகளை அளந்து கொடுத்தது நான்தான்.