கினிக்கோழிக் குஞ்சுகளைக் கோழிக்குஞ்சுகளோடு வளர்த்தல்

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கினிக்கோழி, வளர்ந்தபின் எமது வெயிலையும் வறட்சியையும் தாங்கும். கீரியையோ அந்நியரையோ கண்டால் கத்தி வளவையே எழுப்பிவிடும். ஆனால் அதன் குஞ்சு மிக மென்மையானது. முதற் சில வாரங்களைக் கடத்துவதிலேயே எமது இலாபமும் நட்டமும் தங்கியுள்ளன.

கினிக்கோழி தன் குஞ்சுகளைப் பனி நனைந்த புல்லினூடே இழுத்துத் திரியும். பல குஞ்சுகள் குளிரில் இறந்துபோகும். எனவே ஊர்க்கோழியைக் கொண்டு அடைகாப்பிப்பதே நன்று. கோழிமுட்டை 21 நாளில் பொரிக்கும். கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாட்கள் செல்லும். ஆகவே கினிக்கோழி முட்டைகளை முதலில் வைத்து, 6 நாட்களின் பின் கோழிமுட்டைகளைச் சேர்ப்போம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கும். கோழித்தாயோடு வளரும் குஞ்சுகள் மாலையில் கூட்டுக்குத் திரும்பவும் பழகும்.

கவனிக்க வேண்டியவை:

1. பனி உலருமுன் குஞ்சுகளை வெளியே விடலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் அடை வைப்பதைத் தவிர்ப்போம்.

2. தண்ணீர்ச் சிரட்டையில் கூழாங்கற்களை இடுவோம். இல்லையேல் குஞ்சுகள் மூழ்கிவிடும்.

3. கோழிக்குஞ்சைவிட இவற்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். குஞ்சுத் தீனுடன் கறையான், அவித்த முட்டை, நறுக்கிய முருங்கையிலை கொடுக்கலாம்.

4. கோழியின் குடற்புழு வழியாக ஈரலைத் தாக்கும் நோய் இவற்றுக்கும் தொற்றலாம். எச்சத்தை அகற்றி, நிலத்தை உலர்வாக வைப்போம். புழுமருந்துக்கு மிருக வைத்தியரை நாடுவோம்.

5. வளர்ந்த சேவல்கள் கோழிகளைத் தீனிலிருந்து விரட்டினால், தீன் பாத்திரங்களைப் பிரித்து வைப்போம்.

கடன்பட்டு நூறு குஞ்சுகள் வாங்கவேண்டாம். ஓர் அடைக்கோழியோடு தொடங்குவோம். அந்த ஒரு கூட்டம் பிழைத்தால் அடுத்ததற்கு முட்டை எமது வளவிலேயே கிடைக்கும்.