கட்டபொம்மன் உடுத்தது எந்தத் துணி?

நம் வட்டாரத்துப் பள்ளிகளில் விழா என்றால் வீரபாண்டியக் கட்டபொம்மன் வேடத்திற்குத் தனி இடம் உண்டு. ஒப்பனைக் கடையிலிருந்து உடை வாடகைக்கு வருகிறது. பளபளக்கும் மேலங்கி, கண்ணைப் பறிக்கும் சரிகைக் கரை, இறகு செருகிய தலைப்பாகை, அட்டையால் செய்த வாள் ஆகியவற்றுடன் சிறுவன் மேடை ஏறியதும் கூட்டம் கைதட்டுகிறது. அவ்வுடையை நெசவாளர் ஒருவர் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பாரானால், அது ஆலையில் உருவான செயற்கை இழைத் துணி என்பதை நொடியில் அறிவார். கரிசல் மண்ணில் பிறந்து, மண்கோட்டையிலிருந்து ஆண்டு, கயத்தாற்றுப் புளியமரத்தில் உயிர் நீத்த ஒருவருக்கு நாம் அணிவிக்கும் உடையில் கரிசல் விளைவித்த பொருள் எதுவும் இல்லை.

பருத்தி விளைவிப்போரும் துணி நெய்வோருமாகிய நாம் இதைச் சிறு விஷயமென்று தள்ளிவிடுதல் தகாது. ஆதலின் இம்மாதப் பாடமாக மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம். நம் கண்ணில் நிற்கும் இந்த உருவம் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் இந்நாட்டில் வழங்கிய உடை எது? இதை அறிவதால் நமக்கு ஆவது என்ன?

கண்ணில் நிற்கும் உருவம்

கட்டபொம்மனை நேரில் கண்டு தீட்டிய ஓவியம் எதுவும் நமக்குக் கிடைத்ததில்லை. அவர் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-ஆம் நாள். நிழற்படக் கருவி தோன்ற அதன்பின் இன்னும் பல ஆண்டுகள் ஆயின. எனவே இன்று நாட்காட்டியிலும் சிலையிலும் பாடப்புத்தகத்திலும் காணும் உருவம் யாவும் பிற்காலத்தார் கற்பனையே.

அக்கற்பனைக்கு நிலைத்த வடிவம் தந்தது சிவாஜி கணேசனின் நடிப்பு. 1957-இல் சிவாஜி நாடக மன்றம் இக்கதையை மேடை ஏற்றியது. 1959-இல் பி. ஆர். பந்துலு இதனை வண்ணத் திரைப்படமாக்கினார். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. அன்று முதல் தமிழ் மக்களுக்குக் கட்டபொம்மன் என்றால் அந்த முகம், அந்தக் குரல், அந்த உடை என்றே ஆகிவிட்டது.

படத்தின் உடை வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்குமுன் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தமிழ் நாடகக் கம்பெனிகளில் ‘ராஜபார்ட்’ உடை என்று ஒன்று வழங்கி வந்தது. அரிச்சந்திரன் ஆயினும் பாண்டியன் ஆயினும் அரசனென்றால் வெல்வெட்டு அங்கி, அதில் சமிக்கி வேலை, தலையில் மின்னும் கிரீடம். பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலைகளும் உடைகளும் நம் மேடையைக் கவர்ந்த காலம் அது. விளக்கொளியில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் அரசன் இவன் என்று தெரிய வேண்டும். வெள்ளை வேட்டி அணிந்த அரசனை அவ்வளவு தொலைவிலிருந்து இனம் காண்பது அரிது. ஆகவே மேடையின் தேவை கருதி அமைந்த உடை அது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. மேடை உடையைச் சரித்திர உடையென்று நாம் எடுத்துக்கொண்டபோதே பிழை பிறந்தது.

பிற நாடுகளிலும் இதே கதை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மேல்நாட்டில் கடற்கொள்ளைக்காரன் என்றதும் தலையில் வண்ணக் கைக்குட்டை, காதில் வளையம், இடையில் அகன்ற பட்டுக்கச்சை என்ற உருவமே தோன்றும். இவ்வுருவம் நிலைபெறப் பெரிதும் காரணமானவர் ஹோவர்டு பைல் என்னும் அமெரிக்க ஓவியர் (1853–1911). கொள்ளைக்காரர்கள் உண்மையில் உலாவிய 1700-ஐ ஒட்டிய காலத்திற்கும் அவருக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. மெய்யான கொள்ளைக்காரர்கள் பிற மாலுமிகளைப் போலவே முரட்டுத் துணிக் காற்சட்டையும் குட்டைச் சட்டையும் கம்பளித் தொப்பியும் அணிந்தவர்கள். கொள்ளையில் நல்ல துணி அகப்பட்டால் அதையும் உடுத்திக்கொண்டார்கள்.

இங்கே நெசவாளர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1720-இல் ஜமைக்காத் தீவில் தூக்கிலிடப்பட்ட ஜான் ராக்கம் என்பவனுக்குக் ‘காலிக்கோ ஜாக்’ என்பது பட்டப்பெயர். அவன் விரும்பி அணிந்த காலிக்கோத் துணியால் வந்த பெயர் அது. காலிக்கோ என்ற சொல்லோ நம் கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து பிறந்தது. இந்தியப் பருத்தித் துணிக்கு அன்று அத்தனை மோகம் இருந்தது. தங்கள் நாட்டு நெசவைக் காக்க இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1700-இலும் 1721-இலும் சட்டங்கள் இயற்றி இத்துணியைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஓவியர் தீட்டிய பட்டுக்கச்சை உலகம் முழுதும் தெரிகிறது. இந்திய நெசவாளன் நெய்த காலிக்கோ ஒரு பட்டப்பெயரில் ஒளிந்து கிடக்கிறது.

மெய்யுடையை அறியும் வழி

மேடை உருவத்தை விலக்கினால் மிஞ்சுவது என்ன? சான்றுகள் மூன்று வகையில் கிடைக்கின்றன.

முதலாவது, அக்கால ஓவியமும் சிற்பமும். 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்த இடம் இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனை. அதன் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேதுபதி மன்னர் காலத்தில் தீட்டிய ஓவியங்கள் இன்றும் உள்ளன. கட்டபொம்மன் அங்கே சென்ற நாளில் அவை ஏற்கெனவே பழைய ஓவியங்கள். கொலுவிருக்கும் காட்சிகளில் சேதுபதி உடல் தெரியும்படியான மெல்லிய நீண்ட அங்கி அணிந்திருக்கிறார். மெல்லிய பருத்தி நெசவின் பெருமை அது. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் சிலையைப் பார்த்தாலோ, தலையில் உயர்ந்த குல்லாயும் இடையில் வேலைப்பாடு மிக்க துணியும் உள்ளன. மார்பில் அணிகலன்கள் மட்டுமே. ஆக, அரச குடியினருக்கும் இருவகை உடை உண்டு. பிற அரசரையும் அயலாரையும் காணும் சபையில் அங்கியும் தலையணியும். கோயிலிலும் இல்லத்திலும் இடைத்துணியும் மேல்துண்டும்.

அடுத்து, தஞ்சையிலும் திருச்சியிலும் வெள்ளை உத்தியோகஸ்தர்களுக்காக நம் ஓவியர்கள் வரைந்த படங்கள். 1770-ஐ அடுத்த ஆண்டுகளிலிருந்து வரையப்பட்ட இவற்றில் நெசவாளர், உழவர், சேவகர் எனப் பலதொழில் மக்கள் இணை இணையாக நிற்கிறார்கள். ஆடவர் உடை பெரும்பாலும் வெள்ளைப் பருத்தி வேட்டி, தோளில் ஒரு துணி, தலையில் உருமால். நிறம் பெண்டிர் சேலையிலும் கரையிலும் காணப்படுகிறது.

இரண்டாவது, எழுத்துச் சான்று. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன் மேலிடத்திற்கு எழுதிய கடிதத்தில், அவர் அஞ்சாது நிமிர்ந்து நின்றதையும், எட்டயபுரத்தார் மீது வீசிய வெறுப்புப் பார்வையையும் குறித்தார். பகைவனின் மனத்தில் பதிந்தது ஆடையன்று, நிலை. அணிகலன் ஒன்றும் சேர்க்காமலே ஒருவரை வீரராகக் காட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது சான்றைப் படிக்க நெசவாளருக்கே உரிமை அதிகம். அது துணியின் சான்று. அக்காலத்துச் சிவப்பு, கடற்கரை மணலில் தோண்டி எடுத்த சாயவேரைப் படிகாரத்தோடு சேர்த்துத் தோய்த்தது. நீலம், அவுரியிலிருந்து வந்தது. கறுப்பு, கடுக்காயும் இரும்பும் கூடியது. இன்று வாடகை உடையில் காணும் பளிச்சென்ற ஊதாவும் இளஞ்சிவப்பும் செயற்கைச் சாயத்தின் பிள்ளைகள். முதல் செயற்கை ஊதாவை வில்லியம் பெர்க்கின் கண்டது 1856-இல்; கட்டபொம்மன் மறைந்து 57 ஆண்டுகளுக்குப் பின். சரிகையும் அவ்வாறே. அன்றைய சரிகை பட்டிழையில் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் பூசியது. விலை மிகுதியாதலின் கரையிலும் தலைப்பிலும் மட்டும் ஓடியது. உடை முழுதும் மின்னுவதற்குக் காரணம் இன்றைய மலிவான போலிச் சரிகையே.

பாளையக்காரர் வீட்டில் பட்டோ சால்வையோ கம்பெனியார் வெகுமதியாகத் தந்த சகலாத்தோ இருந்திருக்கலாம். அவை பேழையில் கிடந்து திருநாளில் வெளிவருவன. அன்றாட உடையும் போர்க்கள உடையும் பருத்தியே. நம் மணியாச்சியும் ஒரு பாளையத்தின் தலையூராக இருந்தது. பஞ்சாலங்குறிச்சியும் அதே ஒட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ளது. இவ்வூர்களின் வெயிலை நாம் அறிவோம். பஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இறுதியாக வீழ்ந்தது 1801 மே 24-ஆம் நாள். சித்திரை கழிந்து வைகாசி தொடங்கிய கத்திரி வெயிலில், நீண்ட ஈட்டி ஏந்தி மண்சுவர்மேல் நின்றவர்கள் வெல்வெட்டு அணிந்து நின்றார்கள் என்று எண்ண இயலுமோ?

போரில் ஒரு துணி

அந்தப் போரில் ஈடுபட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1830-இல் தம் நினைவுகளை நூலாக்கினார். அதில் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை உயிர் பிழைத்த வரலாறு வருகிறது. கோட்டை வீழ்ந்த அன்று காயமுற்று வீழ்ந்தவர்களிடையே தம் மக்களைத் தேடிப் பெண்கள் வந்தனர். உயிர் போகும் நிலையில் கிடந்த வீரன் ஒருவன், தன்னை விட்டுவிட்டு ஊமைத்துரையைக் காக்குமாறு தன் தாயிடம் வேண்டினான். பெண்கள் அவரைத் தூக்கிச் சென்று ஊரில் சேர்த்தனர். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வரும் செய்தி எட்டியதும், அவர்மேல் ஒரு துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தனர். அம்மை கண்டு இறந்த பிள்ளை என்றனர். வந்தவர்கள் அஞ்சி ஓடினர்.

பாஞ்சை வரலாற்றில் என்ன வேலை செய்தது என்று நாம் திட்டமாக அறிந்த துணி இந்த ஒன்றுதான். சரிகை வைத்த அங்கி யாரையும் காப்பாற்றியதாகச் செய்தி இல்லை. ஏழை வீட்டுப் பெண் எடுத்துப் போர்த்திய துணி ஒரு தலைவனின் உயிரைக் காத்தது. அதை நெய்தவர் பெயரும் தெரியாது, நூற்றவர் பெயரும் தெரியாது.

உடை அற்ப விஷயம் என்று கருதுவோர் 1806-ஐயும் நினைவிற் கொள்ளலாம். புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறி இடலாகாது என்று கம்பெனி இட்ட உத்தரவு, அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்த காரணங்களுள் முதன்மையானது.

நமக்கு ஆவது என்ன?

வீரனும் அரசனும் பளபளப்பை உடுத்துவார்கள், பருத்தி ஏழையின் உடை என்று வேடத்தின் வாயிலாகக் குழந்தைக்கு நாம் கற்பித்து வருகிறோம். அக்குழந்தை வளர்ந்து கடைக்குச் செல்லும்போது கைத்தறியைப் புறக்கணித்தால் அதன்மேல் பழி சொல்வது முறையாகாது. மானாவாரியில், ஒரு மழையை நம்பி, கருங்கண்ணி விளைந்த பூமி இது. பருத்தி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சிப் பண்ணை 1901-இல் தொடங்கியதும் இம்மண்ணை நம்பியே. இம்மண்ணின் நூலை இம்மண்ணின் வீரருக்கு அணிவிப்பது உபகாரமன்று. சரித்திரம் கேட்கும் நேர்மை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்று, சிவப்பு அல்லது நீல இடைக்கச்சை ஒன்று, கரையிட்ட மேல்துண்டு ஒன்று, தலைக்கு உருமால் ஒன்று, சபைக் காட்சிக்கு மெல்லிய வெள்ளை அங்கி ஒன்று. ஐந்தும் தறியில் ஆகக்கூடியவை. ஒரு சங்கம் சில தொகுதிகள் நெய்து வைத்துப் பள்ளிகளுக்கு வாடகைக்குத் தரலாம். விழா முடிந்தபின் துவைத்து அடுத்த ஆண்டும் தரலாம். ஜிகினா உடையைத் துவைத்தால் என்ன மிஞ்சும் என்பதை யாவரும் அறிவர்.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் பழைய பெட்டிகளில் பாட்டனார் காலத்துத் துணி எவரிடமேனும் உண்டா? அதன் நூல், நிறம், கரை எத்தகையவை?

2. சாயவேர், அவுரி, கடுக்காய்ச் சாயம் இடும் முறை தெரிந்த முதியோர் உள்ளனரா? அவர்கள் சொல்வதை எழுதி வைக்க யார் முன்வருவர்?

3. வரும் பள்ளி விழாவிற்கு ஒரு தொகுதி உடையேனும் நம் தறியில் நெய்து தர இயலுமா? அதற்கு எத்தனை நூல், எத்தனை நாள்?

மூன்றாவது வினாவிற்கு விடை கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது. நூலையும் நாளையும் எழுதிக் கொண்டு கூட்டத்திற்கு வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.