பாக்டீரியாவின் பைல்களை ஒப்பிடுவோமா?

டாஸ் காலத்திலிருந்தே இரண்டு பைல்களை ஒப்பிட 'எப்சி' என்ற கட்டளை உள்ளது. கிருமிகளை ஆராய்பவர்களும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களுடைய பைலில் ஏ, சி, ஜி, டி என நான்கே எழுத்துகள்தான். ஒரு பாக்டீரியாவின் மொத்த மரபணுத் தொகுப்பே ஜீனோம் எனப்படும்.

ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக் கொள்வோம். 1922ல் பிரித்தெடுக்கப்பட்ட கே-12 வகை, ஆய்வுக் கூடங்களில் வளர்க்கப்படும் சாது. ஓ157:எச்7 வகையோ ரத்தப்போக்குடன் வயிற்றுப்போக்கைத் தரும்; சிலருக்குச் சிறுநீரகத்தையும் செயலிழக்க வைக்கும். கே-12 ஜீனோம் 46 லட்சம் எழுத்துகள். டெக்ஸ்ட் பைலாக சுமார் 4.6 எம்பி, அதாவது ஓர் எம்பி3 பாட்டு அளவு! ஓ157ல் சுமார் 55 லட்சம். 2001ல் ஒப்பிட்டபோது சுமார் 41 லட்சம் எழுத்துகள் பொதுவாக இருந்தன. கே-12ல் இல்லாத 1387 மரபணுக்கள் ஓ157ல் இருந்தன. ஷிகா நச்சைத் தயாரிப்பவையும் இவற்றில் அடக்கம். அவற்றைக் கொண்டு வந்தவை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்!

இதற்கு எப்சி கட்டளை உதவாது. நடுவில் ஓர் எழுத்து நுழைந்தாலும் அடுத்த எழுத்துகள் எல்லாம் தள்ளிப் போய், அனைத்தும் வேறு என்று காட்டிவிடும். ஒத்த பகுதிகளைத் தேடிப் பொருத்துவதற்காக 1990ல் வந்ததே பிளாஸ்ட் புரோகிராம். அமெரிக்காவின் என்சிபிஐ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்களும் முயன்று பார்க்கலாம்.

1. என்சிபிஐ தளத்தில் நியூக்ளியோடைடு பிரிவில் 'எஸ்டிஎக்ஸ்2ஏ' என்ற நச்சு மரபணுவை ஆங்கிலத்தில் தேடவும். ஈ.கோலையின் முழு மரபணு உள்ள பதிவைத் திறந்து 'பாஸ்டா' லிங்கில் கிளிக் செய்து, எழுத்துகளைக் காப்பி செய்யவும்.

2. பிளாஸ்ட் பக்கத்தில் நியூக்ளியோடைடு பிளாஸ்ட் தேர்ந்தெடுத்து, பெட்டியில் பேஸ்ட் செய்யவும்.

3. ஆர்கனிசம் கட்டத்தில் ஈ.கோலை கே-12 எம்ஜி1655 என ஆங்கிலத்தில் டைப் செய்து, கீழே வரும் பட்டியலில் அதைத் தேர்வு செய்யவும். பின் பிளாஸ்ட் பட்டனை அழுத்தவும். ஒற்றுமை இல்லை என்ற செய்தி வரும்.

4. ஆர்கனிசத்தை ஓ157:எச்7 என மாற்றி மீண்டும் அழுத்தவும். இப்போது பொருத்தங்கள் வரிசையாக வரும்.

பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் 'லேக்இசட்' மரபணுவைக் கொடுத்தால் இரண்டிலும் கிடைக்கும். எதை உண்ணும், எப்படித் தாக்கும் என இரண்டையும் இப்படித்தான் கணிக்கிறார்கள்.

இது வெறும் விளையாட்டல்ல. 2011ல் ஜெர்மனியில் ஓ104:எச்4 என்ற வகை பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலான ஓ157 வகைகள் சார்பிடால் சர்க்கரையை விரைவில் புளிக்க வைப்பதில்லை; வழக்கமான சோதனை அதை வைத்தே பிடிக்கும். ஜெர்மனியின் கிருமியோ சார்பிடாலைப் புளிக்க வைத்ததால் அச்சோதனையில் சிக்காது. ஜீனோமை ஒப்பிட்டதும், குடலில் கொத்தாக ஒட்டும் வேறொரு வகை ஷிகா நச்சு மரபணுவைப் பெற்றிருப்பது தெளிவானது. இதற்கு முளைகட்டிய வெந்தயமே காரணமாகக் கருதப்பட்டது.

ஓர் எச்சரிக்கை: மரபணு இருப்பதாலேயே அது வேலை செய்கிறது என்று அர்த்தமல்ல. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எல்லா புரோகிராமும் ஓடிக்கொண்டா இருக்கிறது? கம்ப்யூட்டர் சந்தேகத்தைச் சுட்டும். உறுதி செய்ய வேண்டியது ஆய்வுக் கூடம்தான்.